பைப் பண்டிதர்

பைப் பண்டிதர் என்பவர், பை வீசி ஆடும் கார்ன்ஹோல் ஆட்டக்காரர்களில் ஒரு வகை. அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு லீக் நடக்கும் ஊர் என்றால் இவரும் அங்கே இருப்பார். பையை வீசுவதில் நடுத்தரம். பையைப் பற்றிப் பேசுவதில் முதல் தரம். மற்றவர்கள் தோளைச் சுழற்றி உடம்பை இளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவர் எதிராளியின் பையைக் கேட்டு வாங்கி, மூலையைப் பிடித்துத் தூக்கி, காதருகே குலுக்கி, நடுவில் மடக்கி விரித்துப் பார்ப்பார். சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். பிறகு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். வாங்கியவருக்கு அன்றைக்கு ஆட்டம் ஓடாது.

ஆட்டம் எளிமையானது. 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் சாய்வாக நிறுத்திய ஒரு பலகை. அதன் மேல்பக்கம் 6 அங்குல விட்டத்தில் ஓர் ஓட்டை. 27 அடி தள்ளி எதிரே அதேபோல் இன்னொன்று. ஆளுக்கு நான்கு பைகள். ஓட்டையில் விழுந்தால் 3 புள்ளி, பலகையில் தங்கினால் 1. இரு தரப்பும் எடுத்ததைக் கழித்து, மிச்சம் உள்ளவருக்கு மட்டும் அந்த மிச்சம் சேரும். 21 எட்டினால் வெற்றி. சின்சினாட்டிப் பக்கத்தில் வீட்டுக் கொல்லைகளில் ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பண்டிதருக்கு இது முன்னுரை.

பைக்குள் மக்காச்சோளம் இருந்த காலத்தில் பண்டிதர் இல்லை. சோளம் அடிபட்டு அடிபட்டு மாவாகும், ஈரம் பட்டால் ஊறும், எலிக்கும் பிடிக்கும். எல்லாப் பைகளும் ஒரே மாதிரி மோசமாக இருந்ததால் மதிப்பிட ஒன்றுமில்லை. சோளத்தின் இடத்துக்குப் பிளாஸ்டிக் மணிகள் வந்து, பையின் இரு முகங்களும் வெவ்வேறு துணியில் தைக்கப்பட்ட பிறகே இவர் தோன்றினார். ஒரு முகம் வழுக்கும், மறுமுகம் பிடிக்கும். வழுக்கும் முகம் கீழே இருந்தால் பை சறுக்கிக்கொண்டு ஓட்டையை நோக்கிப் போகும். பிடிக்கும் முகம் கீழே இருந்தால் ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எதிராளியின் வழியை மறிக்கும். வேகத்துக்கு 1 முதல் 10 வரை எண் கொடுக்கிறார்கள். எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வதால், ஒரு நிறுவனத்தின் 7 இன்னொன்றின் 7 ஆக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அதை இதாக மாற்றிச் சொல்லும் கணக்கு பண்டிதரின் தலையில் மட்டும் இருக்கிறது; யாரும் கேட்காமலே வெளியே வரும்.

மடிப்புதான் அவருடைய முதன்மைப் பாடம். அதில் உண்மையாகவே சரக்கு இருக்கிறது. விதிப்படி பை 6 அங்குலச் சதுரம். ஓட்டையும் 6 அங்குலம். சதுரத்தின் மூலைக்கு மூலை எட்டரை அங்குலம் வருகிறது. ஆகவே தட்டையாகக் கிடக்கும் எந்தப் பையும் அப்படியே ஓட்டைக்குள் போக வழியில்லை. விளிம்பில் மடங்கித்தான் விழவேண்டும். புதுப்பை விறைப்பாக இருக்கும். ஓட்டையின் வாயிலேயே படுத்துக்கொண்டு 3 புள்ளியை 1 ஆக்கிவிடும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் வம்பு: முன்னால் மறித்து நிற்கும் பையை முட்டித் தள்ளத் தெம்பு இருக்காது. மணிகள் அதிகம் திணித்த பை பலகையில் பட்டதும் எகிறும். எடை 16 அவுன்சை ஒட்டி, அதாவது சுமார் 450 கிராம் இருக்கவேண்டும் என்பதால், கூட்டிக் குறைத்து விளையாடவும் அதிக இடமில்லை. இவ்வளவையும் ஒரு கையழுத்தத்தில் கண்டுபிடித்துவிடுவதாகப் பண்டிதர் சொல்வார். பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடுவார். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடிவதில்லை.

அடுத்தது வானிலை. காற்றில் ஈரம் ஏறினால் பை மெதுவாகச் சறுக்கும். உலர்ந்த அரங்கில் அதே பை ஓட்டையைத் தாண்டிப் பின்பக்கம் விழும். பண்டிதர் ஆட்டத்துக்கு ஒரு மூட்டையில் நான்கைந்து செட்டு கொண்டுவருவதற்கு இதுதான் காரணம். கூடம் கோணல் என்ற பழமொழியை அவரிடம் சொல்லிப் பயனில்லை. கூடம் கோணல்தான், எத்தனை பாகை கோணல் என்று அவர் கணக்கோடு நிரூபிப்பார். தோற்ற ஆட்டத்துக்கு அவர் தரும் விளக்கத்தில் ஈரம் இருக்கும், துணி இருக்கும், பலகையின் மெருகு இருக்கும். கை இருக்காது.

பையைப் பதப்படுத்துவது தனிச் சடங்கு. துணி மென்மையாக்கியில் ஊறவைப்பது, இயந்திரத்தில் துவைத்து உலர்த்துவது, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் கையால் பிசைவது என்று பல சம்பிரதாயங்கள். ஒவ்வொன்றுக்கும் பரம்பரை உண்டு, பகையும் உண்டு. வீட்டிலுள்ளவர்களின் சட்டைகள் முறைக்குக் காத்திருக்கும்.

இந்த நுணுக்கமெல்லாம் வெறும் பிடிவாதம் என்று சிரிப்பவர்களைப் பண்டிதர் 2022ஐக் காட்டி வாயடைப்பார். அந்த ஆண்டு தென் கரோலினாவின் ராக் ஹில்லில் நடந்த அமெரிக்கன் கார்ன்ஹோல் லீகின் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில், ஓர் இரட்டையர் அணியின் பைகள் சரியில்லை என்று புகார் எழுந்தது. சோதித்தார்கள், விதிக்குப் பொருந்தவில்லை. உடனே மற்ற அணியின் பைகளையும் சோதித்தார்கள், அவையும் பொருந்தவில்லை. வேண்டுமென்றே செய்த காரியமல்ல என்று முடிவாகி, இரு தரப்பும் அதே பைகளோடு ஆடி முடித்தன. இதற்கு ‘பேக்கேட்’, அதாவது பை ஊழல், என்று பெயர் வந்தது. ஊழலுக்குக் கூடத் தகுதி பெற்றுவிட்ட ஒரு பொருளைத் தாம் ஆராய்வதில் பண்டிதருக்குப் பெருமை. அன்று முதல் மூட்டைக்குள் ஓர் அளவுகோலும் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு அறிந்தவர் ஏன் ஜெயிப்பதில்லை என்பதற்கு விடை அவருடைய கொள்முதல் பழக்கத்தில் இருக்கிறது. நல்ல பை பிறப்பதில்லை, பழகிப் பழகித்தான் உருவாகிறது. துணி தேய்ந்து, மணிகள் இடம் கண்டு, மடிப்பு விழுந்து, வீசுகிறவரின் கைக்கு இணங்கச் சில மாதங்கள் பிடிக்கும். பண்டிதருக்கு அத்தனை பொறுமை கிடையாது. புது வரவு பற்றிச் சேதி வந்ததும் வாங்குவார், ஆராய்வார், பதப்படுத்துவார், தீர்ப்பு எழுதுவார். பை பதமாகி வரும் நேரத்தில் இன்னொரு நிறுவனம் இன்னொரு துணியோடு வந்துவிடும். பழையது பாதி விலைக்குப் போகும். அதை வாங்குகிறவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். தம்மிடம் உள்ள பையின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஒரே செட்டை இரண்டு வருஷம் வீசுவார். செவ்வாய்க்கிழமை லீகில் பண்டிதரை 21-9 என்று தோற்கடிப்பவரும் அவர்தான். தோற்றவர் அருகே வந்து, "இந்தப் பை நல்லா ஓடுதே, எங்கே வாங்கினீங்க?" என்று விசாரிப்பார்.

எனவே கார்ன்ஹோல் ஆடத் தொடங்குகிறவர்கள் புதுப்பைக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் பண்டிதர் யார் என்று விசாரித்து, அவர் அடுத்த செட்டு வாங்கும்வரை காத்திருந்தால் போதும். விலை பேசும்போது, பை எப்படி என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. அன்றைய ஆட்டம் போய்விடும்.