தைலக்காரர் கோயில்

வா மாப்ளே, ஒக்காரு. கிளமெண்டியில ஒம் மாமனுக்குத் திண்ணைன்னா புளோக் அடியில இந்தக் கல்லு பெஞ்சுதான். மகன் வீடு பன்னெண்டாம் மாடி. அங்க காத்து வரும், பேச்சுத் தொணைக்கு ஆளு வராது. கோப்பி ஓ சொல்லட்டுமா? காசு நீதான் குடுக்கணும். ஊரு பாக்க வந்த பெரிய மனுசன் நீதானே!

நாலு நாள்ல சிங்கப்பூரைப் பாத்து முடிக்கிறியாம், அதுல முக்கா மணி நேரம் புத்தருக்குன்னு எழுதி வச்சிருக்கியாம். தங்கச்சி போன்ல சொன்னா. அந்த மனுசன் ஞானம் வந்த பிறகும் அரசமரத்துப் பக்கமே ஏழு வாரம் இருந்தாருங்கிறாங்க. நீ முக்கா மணி குடுக்குறே. தாராளந்தான்.

சைனா டவுன்ல புத்தர் பல் கோயில் ஒண்ணு இருக்கு, பளபளன்னு. 2007ல தொறந்தது. கொஞ்சம் நடந்தா நம்ம மாரியம்மன் கோயிலு. அவ 1827லேருந்து அந்தத் தெருவுல குடியிருக்கா. அவளைக் கேட்டா, அது நேத்துப் பொறந்த புள்ளைம்பா. கொஞ்சம் பழசா வேணும்னா தேக்கா பக்கம் போ. ரேஸ் கோர்ஸ் ரோட்டுல சாக்கியமுனி புத்தகயா கோயிலு. ஆயிரம் விளக்குக் கோயில்னும் சொல்லுவாங்க. மெட்ராஸ்ல எட்டு வருசம் இருந்தவன் நீ, ஆயிரம் விளக்குன்னா பஸ் ஸ்டாப்புதானே ஒனக்கு? இங்க புத்தர்.

பச்சை லைன்ல ஏறி ஊட்ரம் பார்க்குல எறங்கு, ஊதா லைனுக்கு மாறு, ஃபேரர் பார்க் வரைக்கும் போ. அதுக்கு முந்தின ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. அவசரப்பட்டு அங்க எறங்கினே, தேக்கா சந்தை ஒரு பக்கம் இழுக்கும், ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன்தலைக் கறி இன்னொரு பக்கம் இழுக்கும். கறியைத் தின்னுட்டுப் புத்தர் முன்னாடி போய் நின்னேன்னா, கண்ணை மூடிக்கிட்டே நிப்பே. பாக்குறவங்க தியானம்னு நெனைச்சுக்குவாங்க. அந்தப் பேரும் ஒனக்கு நல்லதுதான்.

வாசல்ல ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் சிறுத்தை. பயந்துடாதே, சிலைதான். 1927ல சயாம்லேருந்து வந்த உத்திசாரான்னு ஒரு பிக்கு ஆரம்பிச்ச கோயிலு. இப்ப நிக்கிற கட்டடத்துக்குப் பணம் குடுத்தவங்க டைகர் பாம் தைலக்கார அண்ணன் தம்பி, ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும். ஹாவ்னா புலி, பார்னா சிறுத்தை. இப்ப வாசலைப் பாரு! யாரும் எங்கிட்ட சொல்லல, நானா போட்ட முடிச்சுதான். ஆனா நம்ம ஊர்ல டியூப் லைட்டு குடுத்தவன் வெளிச்சமே வெளிய வராத அளவுக்கு அதுல பேரு எழுதுவான். இவங்க பேரை மிருகமாக்கி வாசல்ல காவலுக்கு வச்சுட்டாங்க. உபயம்னா அது உபயம்.

உள்ள அம்பது அடி ஒசரத்துல ஒக்காந்திருக்காரு. முந்நூறு டன்னுங்கிறாங்க. ஒன் போனுக்குள்ள அடங்க மாட்டாரு. நீயும் படுத்துப் பாப்பே, உருண்டு பாப்பே, கடைசியில முட்டி மட்டும் விழும். அதை விட்டுட்டுப் பீடத்தைச் சுத்தி வா, அவரு கதையைச் செதுக்கி வச்சிருக்கு. இலங்கைச் சிவனொளிபாதமலைப் பாதத்தைப் போலக் கருங்காலியில முத்துச்சிப்பி பதிச்ச பாதமும் இருக்கு. பின்னால சின்ன வாசல். குனிஞ்சு போனா உள்ள படுத்த புத்தர். ஒன் ஒசரத்துக்கு நெத்தியில ஒண்ணு வாங்குவே. தைலக்காரர் கோயில்ல வாங்கினா மருந்துக்கு எங்கயும் அலைய வேண்டாம்.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. நம்ம நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு இருந்துச்சு, தெரியுமா? ராசராசன் காலத்துல, இந்தப் பக்கத்து ஸ்ரீவிசய ராசா கடல் தாண்டி நம்ம மண்ணுல கட்டிவச்ச புத்தர் கோயிலு. சோழன் ஆனைமங்கலத்து வருமானத்தையே அதுக்கு எழுதி வச்சான். அந்தச் செப்பேடு எங்க போச்சுங்கிறே? ஆலந்துல லெய்டன்ல போய் ஒக்காந்ததால லெய்டன் செப்பேடுன்னே பேரு. விகாரத்துல மிச்சமிருந்த கோபுரத்தையும் 1867ல இடிச்சுட்டாங்க. மண்ணுக்குள்ள கெடந்த நூத்துக்கணக்கான வெண்கலப் புத்தருங்க வெளிய வந்து, பல பேரு எழும்பூர் மூசியத்துல நிக்கிறாங்க. நீ எழும்பூருக்குப் போயிருக்கே, பிரியாணிக்கு. மூசியம் வாசல்ல பைக்கை நிறுத்திட்டு எதுத்தாப்ல டீ குடிச்சதா நீதான் சொன்னே.

சொல்லிக் காட்டலப்பா. நானும் ஆனைமங்கலத்துக்குப் பொண்ணு பாக்கப் போனவன்தான். செப்பேடு ஞாபகம் எனக்கு எங்க வந்துச்சு? பொண்ணு வீட்டு வடைதான் ஞாபகம்.

சரி, கெளம்பு, வெயிலு ஏறுது. செருப்பை வாசல்லயே விடு, அரைக்கால் சட்டையை மாத்திக்க. எதுத்தாப்ல லியோங் சான் சீன்னு சீனக் கோயிலு, குவான்யின் அம்மா இருக்கா, அவளையும் பாத்துடு. வரும்போது முஸ்தபாவுல புலித் தைலம் ரெண்டு புட்டி வாங்கிட்டு வா, முட்டி வலி உசுரை எடுக்குது. காசு வந்ததும் குடுத்துடறேன். மகனைக் கேட்டு.