ஒழுகுதுளை இயல்: மரக்காணக் கரையின் மிகச்சிறிய உப்பளம் குறித்த ஆய்வு

தமிழ்நாட்டு உப்பளங்களை ஆராய்ந்தோர் தூத்துக்குடியைப் பேசுவர், வேதாரண்யத்தைப் பேசுவர், சற்றே உழைப்பாளிகள் மரக்காணம் வரை வருவர். படகின் என்ஜின் அறைக்குள் குனிந்து பார்த்தவர் அவர்களில் எவருமில்லை. டீசல் என்ஜினின் விலாவில் இருக்கும் கடல்நீர் பம்பு ஒழுகத் தொடங்கினால், அதன் அடியில் வெள்ளையாக ஒன்று படரும். கடல்நீர் வருகிறது, சூடு படுகிறது, நீர் போகிறது, உப்பு நிற்கிறது. இலக்கணப்படி இது உப்பளமே. பரப்பு உள்ளங்கையளவுதான் என்பதற்காக அதைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது ஆய்வறம் ஆகாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வெல்லையைச் சொல்லிவிட வேண்டும். மரக்காணத்தை ஒட்டிய குப்பங்களில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் பல, நீண்ட தண்டு வைத்த சின்ன டீசல் என்ஜினில் ஓடுபவை. அந்த என்ஜினைக் காற்றே குளிர்விக்கிறது. கடல்நீர் பம்பு என்ற உறுப்பே அதற்குக் கிடையாது. எனவே பம்பைத் தேடி ஆய்வாளர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளிடம் போக வேண்டியிருக்கிறது. கடல் ஒன்றே என்பதால் உப்பும் ஒன்றே எனக் கொள்ளப்பட்டது.

முன்னோர் சான்று உண்டா என்றால், அரைகுறையாக உண்டு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கூப்பிடு தூரம். அவர் பாடும் மன்னன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றே அடையாளம் காண்பார்கள். அங்கே போகும் பாணர்களுக்குச் சுட்ட குழல்மீனும், மீன்பிடிக்கும் நுளையர் வீட்டுப் பெண் வடித்தெடுத்த கள்ளும் கிடைக்கும் என்கிறார். பம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் வடிகட்டி இருக்கிறது. கடல்நீர் பம்புக்குள் நுழையுமுன் பாசியையும் மணலையும் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும் என்ற பொறியியல் விதிக்கு இந்தக் கரையின் பழைய சான்று இதுவே என்று துணிந்து சொல்லலாம்; மறுப்பவர்கள் மேற்கொண்டு கள்ளின் பக்கம் ஆராயட்டும். தொல்காப்பியர் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்ததும் இங்கே கவனத்துக்குரியது. கடற்கரையில் நிற்பது எதுவானாலும் கண்ணீர் விட வேண்டும் என்ற அந்த விதிக்குப் பம்பும் விலக்கல்ல.

இனி விளைச்சல் கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு விழும் பம்பை எடுத்துக்கொள்வோம். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பது ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 சொட்டு, அதாவது 4.32 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே சிந்தாமல் காய்ந்தால் நாளொன்றுக்கு 151 கிராம். ஒரு டன் விளைய, என்ஜினை ஒரு நொடிகூட நிறுத்தாமல் ஓட்டினால், 18 ஆண்டுகள் ஆகும். டீசல் செலவு இதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் ஐப்பசி மழை வந்தால் மரக்காணத்துப் பாத்திகளெல்லாம் வேலையை நிறுத்திவிடுகின்றன. பம்படி அளம் மட்டும் அடைமழையிலும் விளைகிறது என்ற சிறப்பை மறைக்கக் கூடாது.

தரத்தில்தான் அது தோற்கிறது. உப்பளத்தில் நீரின் அடர்த்தியை பாமே டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி. வெயிலில் அது இறுக இறுக முதலில் சுண்ணமும் பிறகு ஜிப்சமும் படிந்து ஒதுங்கும். 25 டிகிரியைத் தொடும்போது சோற்றுப்பு பூக்கத் தொடங்கும். 30-ஐ நெருங்கிவிட்டால் மிச்ச நீரை வெளியே தள்ளிவிட வேண்டும். அதற்குமேல் மக்னீசியத்தின் கசப்பு ஏறிவிடும். பம்படியில் தள்ளுவார் யாருமில்லை. சுண்ணம், ஜிப்சம், உப்பு, கசப்பு எல்லாம் ஒரே இடத்தில் காய்கின்றன. சரியாகக் காய்வதும் இல்லை. மக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் நசநசவென்று கிடக்கும். அடியிலிருக்கும் இரும்பு போல்ட்டு அரித்துப்போவது இதனால்தான். போதாக்குறைக்கு, கடையில் விற்கும் சாப்பாட்டு உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்ற விதியையும் இந்த உப்பு மீறுகிறது.

இப்போது மூலப்பொருளுக்கு வருவோம். பம்புக்குள் ஓடுவது ஒரே தண்டு. அதன் ஒரு முனையில் ரப்பர் இம்பெல்லர்; கடல்நீர் அங்கே. மறு முனை என்ஜினின் கியரில், ஆயில் அங்கே. நடுவில் இரண்டு சீல்: ஒன்று தண்ணீரைத் தடுக்க, ஒன்று ஆயிலைத் தடுக்க. இரண்டு சீலுக்கும் இடையே வேண்டுமென்றே ஒரு வெற்றிடம் விட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் ஒரு துளையை, அதாவது ஒழுகுதுளையை, போட்டிருக்கிறார்கள். சில பம்புகளில் அந்த இடத்தில் தண்டின்மேல் ஒரு சிறிய ரப்பர் வளையமும் சுற்றும். வாட்டர் சீலைத் தாண்டி வரும் நீர் தண்டோடு ஊர்ந்து பேரிங்குக்குப் போய்விடாமல், அந்த வளையம் அதை உதறித் துளைவழி வெளியே அனுப்பும். துளையில் தண்ணீர் சொட்டினால் வாட்டர் சீல் போயிற்று. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போயிற்று. இரண்டும் சேர்ந்து சொட்டினால் படகுக்காரரின் பொறுமை ஆய்வுக்குரியதாகிறது. மொத்த என்ஜினிலும் ஒழுகுவதற்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு இது ஒன்றுதான். உலகம் அடைக்கத் துடிப்பதும் இதைத்தான்.

சிவஞான சித்தியார் காட்டிய முறைப்படி முதலில் பரபக்கம், அதாவது பிறர் கட்சிகளின் மறுப்பு. முதல் கட்சி அடைப்புவாதிகள். ஒரு உருண்டை எம்சீலைப் பிசைந்து துளையில் அப்பிவிட்டு, "பாத்தியா அண்ணே, ஒரு சொட்டு வரல" என்பார்கள். காட்சிப் பிரமாணம் அவர்கள் பக்கம்தான். ஆனால் வெளியே வராத தண்ணீர் வேறெங்கே போயிருக்கும் என்று அனுமானப் பிரமாணம் கேட்கிறது. அது வெற்றிடத்தில் நிறைந்து, பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்து, ஆயில் சீலையும் தாண்டி ஆயில் சம்ப்பில் இறங்குகிறது. பிறகு அளவுகோலை உருவிப் பார்த்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில் ஆயில் வரும். இரண்டு சீலும் ஒரு பேரிங்குமாக முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் வரை போய் நிற்கும்.

இரண்டாம் கட்சி போகட்டும்வாதிகள். இவர்களை எளிதாகத் தள்ள முடியாது. இவர்களிடம் சாத்திரம் இருக்கிறது. விசிறித் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கயிறு சுற்றிய கிளாண்ட் உண்டு. அது லேசாகச் சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் கயிற்றையும் தண்டையும் குளிர வைக்கிறது. முழுக்க இறுக்கினால் கயிறு கருகித் தண்டில் பள்ளம் விழும். "அங்க சொட்டலாம்னா இங்க சொட்டக் கூடாதா?" என்பது இவர்கள் கேள்வி. விடை: கிளாண்ட் சொட்டிச் சொட்டி வாழ்வது, பம்பிலிருக்கும் உதட்டுச் சீல் சொட்டினால் செத்தது. ஒன்றின் இயல்பை மற்றொன்றில் ஏற்றுவதே இவர்களின் குற்றம். பம்புக்கடியில் பால் டின்னை வைத்துத் தண்ணீரைப் பிடித்துக் கொட்டுகிறவர்கள் மூன்றாம் கட்சி. சொட்டையும் நிறுத்தாமல் உப்பையும் விளையவிடாத இவர்களுக்குத் தனி மறுப்பு தேவையில்லை.

இனிச் சுபக்கம், அதாவது நம் கட்சி. முதல் வேலை, ஒழுகுவது எங்கே என்று தீர்மானிப்பது. உப்பு இருக்குமிடமெல்லாம் ஒழுக்கின் ஊற்று அல்ல. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவி என்ஜினை ஓட்டினால் முதல் சொட்டு தன் வழியைத் தானே வரைந்து காட்டும். மூடியின் ஓரமென்றால் கேஸ்கட், ஹோஸ் வாயென்றால் கிளிப். பம்பைக் கழற்றவே வேண்டாம். துளையென்றால் கழற்றியாக வேண்டும். அதற்கு முன் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூட வேண்டும். இதைத் தனியாக எழுதத் தேவையில்லைதான். ஆனால் மூடாமல் ஹோஸைக் கழற்றினால் வங்காள விரிகுடா முழுவதும் அந்த வழியாக உள்ளே வர உரிமை பெற்றுவிடுகிறது.

மூடியைத் திறந்ததும் இம்பெல்லரின் இதழ்களை எண்ண வேண்டும். ஆறில் ஐந்துதான் இருக்கிறது என்றால் ஆறாவது காணாமல் போகவில்லை. கூலரின் குழாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போடுவது வீண். பிறகு சர்க்ளிப்பைக் கழற்றித் தண்டை வெளியே எடுத்து, சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் அங்கே பள்ளம். பள்ளம் விழுந்த தண்டில் புதுச் சீலும் ஒழுகும். தண்டை மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டும். "புது சீல் போட்டும் நிக்கலையே" என்ற புலம்பலில் பாதிக்கு இந்தப் பள்ளமே காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மீதிப் பாதிக்குக் காரணம் சீல் வாங்கிய கடை. லாரி உதிரிபாகக் கடையில் அதே அளவில் ஆயில் சீல் கிடைக்கும், விலையும் குறைவு. உள்ளே உதட்டை இறுக்கிப் பிடிக்கும் சுருள்கம்பி அதில் சாதாரண எஃகு. கடல்நீர் பட்டால் துருப்பிடித்து அறுந்துவிடும். தண்ணீர்ப் பக்கச் சீலில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இருக்க வேண்டும், கம்பியுள்ள பக்கம் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அது சீல் அல்ல, வாசல். பேரிங்கையும் இதோடு மாற்றிவிடுவது நல்லது. ஆடும் தண்டில் எந்தச் சீலும் நிற்காது.

மூடிக்கான கேஸ்கட்டைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டும் மரபு கலை நோக்கில் போற்றத்தக்கது. ஆனால் கேஸ்கட்டின் கனம்தான் இம்பெல்லருக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அட்டை தடித்தால் உறிஞ்சும் பலம் குறையும். பணக்கார வீட்டுப் பத்திரிகை பம்புக்கு ஆகாது. புது இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவி ஏற்ற வேண்டும். வால்வைத் திறந்த பிறகே என்ஜினைக் கிளப்ப வேண்டும்; தண்ணீரில்லாமல் சுற்றினால் ரப்பர் கருக நெடுநேரம் ஆகாது.

உதிரிபாகம் குறித்து ஒரு குறிப்பு பாக்கி. புறநானூற்று 102ஆம் பாட்டில் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர்கள் உப்பு வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைச் சொல்கிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்ற ஆள் வராது என்பது உப்பு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. கரையிலிருந்து பல மைல் தள்ளிப் போகும் விசைப்படகின் பெட்டியிலும் ஒரு இம்பெல்லர், ஒரு ஜோடி சீல், ஒரு கேஸ்கட் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் பலவற்றில் இருப்பது போன முறை கழற்றிய பழைய இம்பெல்லர். இதழ்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தபடியே இறுகிப்போய், "அவசரத்துக்கு ஆகும்" என்ற நம்பிக்கையில் கிடக்கும். உமணர்கள் முறிந்த அச்சைச் சேம அச்சாகக் கட்டிக்கொண்டு போனதாக ஔவையார் எங்கும் பாடவில்லை.