88-க்குள் நூறு தேடலாமா?

ஆறு வயது மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்தால் மூளை வளருமாமே, கணக்கில் நூறு வாங்குவாளா?

பியானோவில் மொத்தமே 88 கட்டைதானே, நூறுக்கு எங்கே போவாள்?

2004-ல் வெளியான ஆய்வில், டொரன்டோ உளவியலாளர் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுக் குழந்தைகளில் சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மீதிப் பேருக்கு எதுவுமில்லை. ஓராண்டில் இசை கற்றவர்களின் ஐ.க்யூ. சுமார் 7 புள்ளி ஏறியது. மற்றவர்களுக்கும் 4 சொச்சம் ஏறியிருந்தது! பின்னால் கறாராக நடத்திய ஆய்வுகளில் அந்தச் சின்ன லாபமும் மெலிந்துபோனது.

ஆனால் இடது கை ஒன்று வாசிக்க, வலது கை வேறொன்று வாசிக்க, கண் அடுத்த வரிக்கு ஓட, காது பிசகைப் பிடிக்க... அந்தப் பயிற்சி பெரிய சொத்து. மோதிர விரல் சொன்னபடி கேட்கவே மாதக்கணக்காகும். அவளுக்கு ஆசையிருந்தால் இன்றைக்கே சேருங்கள். மார்க்கை வாத்தியாரிடம் கேட்காதீர்கள்.

வயிற்றில் இருக்கும்போதே மொசார்ட் கேட்க வைத்தால்?

1993-ல் அந்தப் பேச்சைக் கிளப்பிய ஆய்வில் மொசார்ட் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலன் நீடித்ததோ பத்துப் பதினைந்து நிமிடம்!