வெள்ளிக்கிழமை லீவு போதுமா?

கேள்வி: வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக லீவு கொடுத்தால் அரச ஊழியர் உற்சாகமாக வேலை பார்ப்பாரா? (வாசகர், பேசாலை)

பதில்: 2022 ஜூனில் இலங்கை அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அப்போது எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு. மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். மன்னார்த் தீவு மணலில் தினமும் வாளி தூக்கினால் கத்தரி காய்க்கும். வெள்ளிக்கு வெள்ளி தண்ணீர் ஊற்றினால் காய்ந்துவிடும். சுகாதாரம், மின்சாரம், குடிநீர் சேவையினருக்கு அந்த லீவும் இல்லை.

அதே மாதம் வந்த சுற்றறிக்கை, அரச ஊழியர் சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக அனுமதித்தது.

ஆனால் லீவு மட்டும் உற்சாகம் தராது. ஊழியரின் களைப்புக்குக் காரணம் வேறு. வவுனியாவிலிருந்து மன்னார்க் கச்சேரிக்கு வருபவர் விடியமுன் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏற வேண்டும். மன்னார்த் தாம்போதியைத் தாண்டும்போதே, வரவுப் புத்தகத்தில் பிந்தியதற்கான சிவப்புக் கோடு விழுந்திருக்குமோ என்று நெஞ்சு அடிக்கும். மாலையில் அதே தூரம் திரும்ப வேண்டும். பிள்ளையின் பாடக் கொப்பியைப் பார்க்க நேரம் எங்கே?

வருடாந்த இடமாற்றத்தைச் சிபாரிசு பார்க்காமல் நடத்துங்கள். தூரத்திலிருந்து வருவோருக்கு மன்னாரிலேயே விடுதி கொடுங்கள். அப்போது ஊழியர் உற்சாகமாக வேலை பார்ப்பார்; சிலாவத்துறையிலிருந்து கச்சேரிக்கு ஒரு கையெழுத்துக்காக வருபவரும் அன்றே வேலை முடித்து வீடு திரும்புவார்.