இப்பதாண்ணா வந்தேன்: ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஏரித் தூண்டில் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். இப்போது அங்கே ஒரு கரையில் ஏறி நின்றால் முன்பக்கம் தண்ணீர், பின்பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழை வந்தால் நாளிதழ்கள் இந்த இரண்டு எண்களையும் தவறாமல் அச்சிடுகின்றன. வார விடுமுறை நாளில் அந்தத் தண்ணீரில் எத்தனை தக்கை மிதக்கிறது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

2. ஆய்வு முறை

மாதிரியின் அளவு, வேலிகாத்தான் நிழலில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர். வெயில் ஏறியதும் மாதிரி தானாகக் குறைந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கழற்றாமலே நேராக வந்தவர்கள் தனிப் பிரிவாகக் கொள்ளப்பட்டனர். இவர்களில் சிலர் தூங்கிக்கொண்டே தூண்டில் பிடித்ததால் நேர்காணல் இயலவில்லை.

3. நீரூர்தி

மலை ஏரிக்குப் படகு ஒரு கௌரவம். கொடைக்கானலில் லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1863இல் ஏரியையே உண்டாக்கினார். பின்னால் அங்கே படகுக் குழாமும் வந்தது. அப்படிப்பட்ட அமைதியான மலைநீரில் கயாக் என்னும் ஒற்றையாள் படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டே மீன் பிடிப்பது இன்று உலகெங்கும் காசு செலவாகும் பொழுதுபோக்கு. ஆனால் கயாக்கின் பூர்வீகம் பொழுதுபோக்கு அல்ல. ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள் கையில் கிடைத்த எலும்பையும் மிதந்து வந்த மரத்தையும் சட்டமாக்கி, கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. சுற்றுப்புறத்தில் எது மலிவோ அதுதான் படகு என்பதே அதன் மூல விதி.

இவ்விதிப்படி பார்த்தால் நம் ஏரிகளின் தெர்மாகோல் தெப்பமே அசல் கயாக். பனிப்பிரதேசத்தில் கடல்நாய் எப்படியோ, தொழிற்பேட்டையில் பேக்கிங் தெர்மாகோல் அப்படி. இரண்டு மூன்று கட்டிகளை அடுக்கி, சாக்கைச் சுற்றி, கயிற்றால் இறுக்கி, மேலே குந்திக்கொண்டு ஒரு பலகைத் துண்டால் தள்ளினால் வலை விரிக்கும் இடம் வரை போய்விடலாம். 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியதை நாடறியும். மேலே ஆள் உட்காராததே அத்தோல்விக்குக் காரணம் என்பது ஆய்வாளரின் துணிபு.

4. கருவியும் மீனும்

நரம்பு, முள், ஈயம், தக்கை: இவை நான்கும் சேர்ந்தது தூண்டில். தக்கைக்கு மயிலிறகுத் தண்டைவிட நுட்பமான கருவி இல்லை. தக்கை நடுங்கினால் ஜிலேபிக் கெண்டை இரையைச் சுரண்டுகிறது. பொத்தென்று அமுங்கினால் விரால். சாவகாசமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் நண்டோ ஆமையோ. அன்றைக்கு ஒரு முள் நஷ்டம்.

விராலுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் காற்று போதாது. அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியாக வேண்டும். டீ பிரேக் விட்டதும் லைனிலிருந்து வெளியே ஓடி வரும் ஆளுக்கு இது நன்றாகப் புரிகிறது. அந்த நேரம் பார்த்துப் பிடிப்பது பாவம் என்று சொன்னவரையும் கரையில் கண்டோம். சொல்லிவிட்டு முள்ளில் தவளையைக் கோத்தார்.

ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வெளியூர் மீன். வந்த இடத்தில் வேரூன்றிப் பெருகியதில் இவ்வட்டாரத்துக்கு முன்னோடி. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் அது இரை எடுப்பது அபூர்வம். ஆகவே காலை முழுக்க ஒன்றும் மாட்டவில்லை என்றால், ஏரியில் மகப்பேறு விடுப்பு நடக்கிறது என்று கொள்க. சட்டம் பெண் தொழிலாளிக்கு 26 வாரம் தருகிறது. ஜிலேபி ஏறக்குறைய 3 வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. இச்செய்தி மனிதவளத் துறையினர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது வாசகர் கடமை.

5. முதன்மைக் கண்டுபிடிப்பு

கரையில் நடந்து போகிறவர் எவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “இன்னாப்பா, எதனா மாட்டுச்சா?” விடையும் ஒன்றே: “இப்பதாண்ணா வந்தேன்.” இவ்விடை சொன்ன ஒருவரின் பக்கத்தில் பாலிதீன் கவரில் இருந்த மைதா உருண்டையை ஆய்வாளர் கூர்ந்து நோக்கினார். மேல்தோல் காய்ந்து, வெடித்து, வெடிப்பில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. மாவு அப்படிக் காயக் குறைந்தது அரைநாள் வேண்டும்.

ஆனாலும் அவ்விடையைப் பொய் என்று தள்ளுவது அவசரம். ஷிஃப்டில் அவர் கைபட்ட ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு உண்டு. மணிக்கு எத்தனை, எத்தனை ரிஜெக்ட், டார்கெட்டுக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் போர்டில் ஏறுகிறது. ஏரிக்கரையில் போர்டு இல்லை. அங்கே அவர் எப்போதும் இப்போதுதான் வந்தவர். ஏரி நிரம்பிக் கலங்கல் போகும் நாளில் கொசுவலையும் புடவையும் கொண்டு ஊரே மீன் அள்ளும்போது தூண்டில்காரர் ஒதுங்கி நிற்பதும் இதனால்தான்: அது உற்பத்தி, இது வேறு.

6. முடிவும் பரிந்துரையும்

அ) மீன் வேண்டுமென்றால் மார்க்கெட்டே மலிவு. போகவர பெட்ரோல், முள், மாவு, டீ எல்லாம் கூட்டினால் ஜிலேபி வஞ்சிரத்தின் விலைக்கு வந்துவிடும். எனவே தூண்டிலின் விளைபொருள் மீன் அல்ல. யாரும் எண்ணாத நாலு மணி நேரம்.

ஆ) மீன்பாசி ஏலம் எடுத்தவர் சத்தம் போட்டால் எழுந்துவிடவும். காசு கட்டியவர் அவர்.

இ) தெப்பத்தில் ஏறுவது தொழில்காரர் வேலை. நீச்சல் தெரியாதவர் கரையோடு நிற்கவும்.

ஈ) உடைந்த தெர்மாகோலையும் அறுந்த நரம்பையும் வீட்டுக்கு எடுத்துப் போகவும். செம்பரம்பாக்கம் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது.