நகமில்லாத இயந்திரம்

சாம்சங் தன் மடிப்புப் போனை 2019-இல் சோதித்த விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஓர் இயந்திரம் அதை இரண்டு லட்சம் தடவை மடித்து விரித்தது. நாளுக்கு நூறு முறை என்று வைத்தாலும் ஐந்து வருஷம் தாங்கும் என்று கணக்கு. அதை வீடியோவாகவும் போட்டார்கள். விலை ஏறக்குறைய 2,000 டாலர். முகூர்த்தம் ஏப்ரல் 26.

அதற்குச் சில நாள் முன்பு விமர்சகர்கள் கைக்குப் போன்கள் போயின. திரைமேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. விளிம்பு வரை எட்டாமல் சற்று உள்ளேயே நின்றது. புதுப் போனில் ஒட்டியிருப்பதை உரிக்காமல் விட்டவர் உண்டா? (ரிமோட்டை வாங்கிய கவரோடே பத்து வருஷம் பயன்படுத்தும் நம் வீட்டுப் பெரியவர்கள் நீங்கலாக.) சிலர் உரித்தார்கள். உரித்தது திரையின் ஓர் அங்கமாம்! திரை போனது. உரிக்காத ஒருவரின் போனிலோ, மடிப்புக்கு அடியில் ஏதோ புடைத்துக்கொண்டு வந்தது. சோதித்த இயந்திரத்துக்கு நகமும் இல்லை, சட்டைப் பையும் இல்லை.

முகூர்த்தம் தள்ளிப்போனது. உறையின் ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் செருகி, கீலுக்கு மூடி போட்டு, செப்டம்பரில் மறுபடி வந்தார்கள். தயாராகும் முன்பே தானே அவசரப்படுத்திவிட்டதாக, மொபைல் பிரிவின் அப்போதைய தலைவர் டி.ஜே. கோ ஜூலையில் ஒப்புக்கொண்டிருந்தார்.

புதுப் பொருள் வெளியிடப் போகிறவர்களே, இயந்திரம் அதன் வேலையைச் செய்யட்டும். நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விட்டுப் பாருங்கள்.