வெள்ளைக் குதிரை வரவில்லை

கேள்வி: ஐரோப்பியத் தேவதைக் கதை என்றாலே இறக்கையும் மந்திரக்கோலும்தானே? அதில் பயப்பட என்ன இருக்கிறது?

பதில்: இறக்கையும் கோலும் பின்னால் வந்த ஒப்பனை. அந்தக் கால அயர்லாந்து கிராமங்களில் தேவதைகளின் பெயரைச் சொல்லவே அஞ்சி, ‘நல்லவர்கள்’ என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்தால் வந்துவிடுவார்களே! ஆளைத் தூக்கிக்கொண்டு, அதே சாயலில் இன்னொன்றை வீட்டில் விட்டுவிடுவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை என்ன செய்தது என்று பாருங்கள். 1895 மார்ச். டிப்பரரி மாவட்டத்தின் பாலிவாட்லி கிராமம். பிரிஜெட் கிளியரி துணி தைப்பவள். சொந்தத் தையல் மிஷின், கோழி வளர்த்து முட்டை விற்ற காசு என்று தன் காலில் நின்ற பெண். உடம்புக்கு முடியாமல் படுத்தாள். ‘இவள் என் மனைவியே இல்லை’ என்றான் கணவன் மைக்கேல். உறவினர்கள் பிடித்துக்கொள்ள, பாலில் காய்ச்சிய பச்சிலையை வாயில் ஊற்றினார்கள். ‘நீ பிரிஜெட்தானா, கடவுள் பெயரால் சொல்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளும் சொன்னாள். போதவில்லை. விளக்கில் எரிக்கும் எண்ணெயை அவள்மேல் ஊற்றிக் கொளுத்தினான் மைக்கேல். பெற்ற அப்பாவும் அந்த வீட்டில்தான் இருந்தார்.

உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று அவன் பழைய மண்கோட்டை ஒன்றில் காத்திருந்தான். குதிரை வரவில்லை, போலீஸ் வந்தது. 20 ஆண்டு தண்டனை. 1910-இல் வெளியே வந்துவிட்டான். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பயப்பட வேண்டியது தேவதைக்கு அல்ல, ‘இவள் அவள் இல்லை’ என்று தீர்ப்புச் சொன்ன மனிதர்களுக்கு.

பிரிஜெட்டை அடக்கம் செய்யக்கூட ஊரார் வரவில்லை. போலீஸ்காரர்கள்தான் புதைத்தார்கள்.